மஞ்சள் விளக்கின் தயவில்

உலகத்தில் எந்த வாசலில் வேண்டுமானாலும் காரின் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கலாம், சகலை வீட்டு வாசலில் மட்டும் இறங்கக்கூடாது என்று அவர் தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை காலையில், பல் துலக்கும்போது. வாயில் நுரை இருந்ததால் தீர்மானத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. வாய் காலியாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். சமையலறையில் மனைவி இருந்தாள்.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் பரிசீலிக்கும் அதிகாரி. பரிசீலிப்பது என்றால் பெரும்பாலும் மறுப்பது. 'தங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறோம். ஆனால்' என்றுதான் அவருடைய பதில்கள் தொடங்கும். வருத்தம் ஒரு வரியோடு முடிந்துவிடும். 'ஆனால்' பக்கக்கணக்கில் நீளும். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'ஆனால் சார்' என்று அழைத்தார்கள். அது அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த ஆனால் வீட்டுக்குள் செல்லுபடியாகவில்லை. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு விடை சரி அல்லது தப்பு. நடுவில் ஆனால் என்று எழுதுகிறவர்களுக்கு அவள் மதிப்பெண் கொடுப்பதில்லை.

வினை அவரே தேடிக்கொண்டதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது, "முதல்ல லைசன்ஸ் வாங்கு, அப்புறம் நீயே ஓட்டு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தார். முதல் தடவையிலேயே யாரும் தேறமாட்டார்கள் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. அவர் தேறவில்லை. இரண்டாம் தடவையும் தேறவில்லை. கடைசியாகத் தேறிய அன்று, பின்பக்கமாக வண்டியை எடுக்கச் சொன்ன பரிசோதகர் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டு, போதும், போங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். துணைக்கு வந்திருந்த சகலை அதைப் பார்த்துவிட்டார். மனைவியின் அக்காள் கணவர். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும், எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும், அவருடைய முதல் விசாரிப்பு ஒன்றுதான். "என்ன சகலை, ரிவர்ஸ் எடுக்கப் பழகிட்டீங்களா?"

மனைவி முதல் தடவையிலேயே தேறினாள். லைசன்ஸைக் கொண்டுவந்து, பெற்றோர் கையெழுத்துக்கு மதிப்பெண் அட்டையை நீட்டுகிற மாதிரி, அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். விதிவிலக்கு எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை.

அதன்பிறகும் சாவி அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. இன்று தெருவில் நெரிசல், நாளை வானம் இருட்டியிருக்கிறது, மறுநாள் டயரில் காற்று கொஞ்சம் யோசனையாக இருக்கிறது என்று மனுவை ஒத்திவைத்துக்கொண்டே வந்தார். பள்ளிக்குக் கோடை விடுமுறை தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பிடும்போது அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறோம். நான்தான் ஓட்டுறேன். சொல்லிட்டேன்."

'சொல்லிட்டேன்' என்பது இவரிடம் சொன்னதா, அக்காவிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சகலை கேட் அருகில் நிற்பதும், கார் வருவதும், பக்கத்து இருக்கைக் கதவு திறப்பதும், அதிலிருந்து தன் செருப்புக் கால் முதலில் வெளியே வருவதும் தட்டில் தெரிந்தன. சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே தீர்மானம். தீர்மானம் இருந்தது, வழி இல்லை. வழி அலுவலகம் போகும் பாதையில் கிடைத்தது.

சிக்னலில் நின்றபோது காரின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்டிக்குக் குழாய் முளைத்த மாதிரி ஒரு படம். சற்றுத் தள்ளிப் பார்த்தால் வாத்து. முதலில் அவர் பயந்துதான் போனார். வண்டி நடுத்தெருவில் வெடிக்கும், பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள் என்று நினைத்தார். வண்டி வெடிக்கவில்லை. எப்போதும் போலப் போனது. அடுத்த சிக்னல் வருவதற்குள் கலக்கம் தெளிந்து, அந்த இடத்தில் ஓர் இதமான வெளிச்சம் பரவியது. மஞ்சள் வெளிச்சம். பழுதான வண்டியை, லைசன்ஸ் மை காயாத ஒருவரிடம், யார் கொடுப்பார்கள்?

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, வண்டியோடு வந்த கையேட்டை முதல்முறையாக அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தார். காப்பீட்டுப் பத்திரத்தைப் படிக்கிற வழக்கப்படி பின்பக்கத்திலிருந்து படித்தார். அந்தப் படம் எஞ்சினைக் குறிப்பதாம். காரணங்கள் பல இருக்கலாமாம். அவற்றுள் முதலாவது, பெட்ரோல் தொட்டியின் மூடி சரியாக மூடப்படாமல் இருப்பது. மூடியை டக்கென்று சத்தம் வரும்வரை திருக வேண்டும். அதற்குப் பிறகு சில நாட்கள் வழக்கம்போல் ஓட்டினால் விளக்கு தானே அணைந்துவிடும்.

அவர் இறங்கிப் பின்பக்கம் போய், மூடியை மறைக்கும் சின்னக் கதவைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் மூடி, தூங்குகிறவன் தலையில் தொப்பி மாதிரி, ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் போட்ட அன்று பின்னால் நின்றவன் ஹாரன் அடித்த அவசரத்தில் அவரே வைத்துவிட்டு வந்ததுதான்.

மூடியைப் பிடித்தார். ஒரு திருகுத் திருகினால் தீர்ந்தது.

ஆனால்.

கையை எடுத்துக்கொண்டார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் ஒருமுறைகூடப் பொய் எழுதியதில்லை. உண்மையில் எதை எழுதாமல் விடலாம் என்பதில்தான் அவருடைய திறமை. இப்போதும் அவர் பொய் சொல்லப் போவதில்லை. விளக்கு எரிகிறது, அது உண்மை. காரணங்கள் பல இருக்கலாம், அது அச்சிலேயே இருக்கிறது. ஒரு மூடியை மூடவில்லை, அவ்வளவுதான். மூடியின் கதவை மெதுவாகச் சாத்தினார். கையேட்டை அலுவலகப் பையின் அடியில் வைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், முகத்தை மனு மறுக்கும் முகமாக வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். எஞ்சின் விளக்கு. சாதாரண விளக்கில்லை. காரணங்கள் பல இருக்கலாம்.

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

மெக்கானிக்கிடம் விட்டால் நன்றாக இருப்பதையும் கழற்றுவான் என்றும், ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக் காரணத்தைத் தானே கண்டுபிடிக்கப் போவதாகவும், அதற்கு ஞாயிற்றுக்கிழமைக்கு மேலும் ஆகலாம் என்றும் அவர் விளக்கினார். அதுவரைக்கும் அனுபவம் உள்ள கைதான் அந்த வண்டியைத் தொட வேண்டும். இதைச் சொல்லும்போது குரலில் வருத்தம் சரியான அளவில் வந்து விழுந்தது. அவருக்கே திருப்தி.

"அப்ப நீங்களும் ஓட்டக் கூடாது" என்றாள்.

"எனக்கு அனுபவம் இருக்கு."

"உங்களுக்கு இருக்குன்னு அந்த விளக்குக்குத் தெரியுமா? நடுவழியில ஏதாவது ஆச்சுன்னா? வேணாங்க. சரியாகுற வரைக்கும் வண்டி வாசல்லயே நிக்கட்டும். நீங்க பஸ்ல போங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. மறுக்கவும் வழியில்லை. ஆபத்து என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். அவள்மீது அக்கறையாகக் கிளப்பிய ஆபத்து அப்படியே திரும்பி அவர்மீது அக்கறையாக வந்து நின்றது.

"ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டார்.

"அப்ப பாத்துக்கலாம். சரியாகலன்னா போக வேணாம். சரிதானே?"

சண்டை இல்லை. முகம் சுருங்கவில்லை. மனைவி இவ்வளவு எளிதாக ஒன்றை விட்டுக்கொடுத்தால் உடனே கதவு ஜன்னல்களைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அவர் இத்தனை வருடத்தில் கற்றிருக்க வேண்டும். வெற்றி கண்ணை மறைத்தது. சாவியைத் தானே கொண்டுபோய்ச் சமையலறை ஆணியில் மாட்டினார். வண்டி ஓடாதபோது சாவி எங்கே இருந்தால் என்ன?

மறுநாளிலிருந்து பஸ். பஸ்ஸில் அவருக்கு ஒரு காலுக்குத்தான் இடம் கிடைத்தது. மற்றக் காலுக்குக் கிடைத்தபோது இறங்கும் இடம் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்திருந்த கையின்மேல் இன்னொரு கை வந்து பிடித்தது. யாரென்று பார்த்தால், கடைக்குள் தண்ணீர் புகுந்து துணியெல்லாம் நனைந்தது என்று மனுக் கொடுத்து, 'வருந்துகிறோம், ஆனால்' வாங்கிக்கொண்டு போன தையல்காரர்.

"சார், நீங்களா? கார் என்னாச்சு சார்?"

"கொஞ்சம் பழுது."

"இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப உங்களுக்கு என்ன சார் கவலை" என்றார் தையல்காரர், பஸ் முழுவதற்கும் கேட்கும்படி.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். ஜன்னல் அவர் பக்கம் இல்லை. வேறொருவருடைய அக்குள்தான் இருந்தது.

இத்தனை கஷ்டத்திலும் சாயங்கால வேலையை அவர் விடவில்லை. பழுதைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொன்ன பிறகு கண்டுபிடிக்காமல் இருப்பதற்கும் உழைப்பு வேண்டும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முன்மூடியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்து, ஒரு குழாயைத் தொட்டு, 'ம்' என்பார். இன்னொரு குழாயைத் தொட்டு, தலையை ஆட்டுவார். சமையலறை ஜன்னல் வாசலைப் பார்த்தபடி இருந்தது அவருக்கு வசதி. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் இன்னும் ஒரு குழாயைத் தொடுவார்.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் மருத்துவமனை திறக்கும் நேரம்வரை சும்மா இருப்பவர். திறந்த எதையும் எட்டிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பின்னால் கைகட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வலி இருக்கா சார், இல்ல வெறும் விளக்குதானா?"

"விளக்குதான்."

"சூடா எதாவது பட்டா கூடுதா?"

அதைக் கவனிக்கவில்லை என்றார் இவர். கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். கீழே குனிந்து, எஞ்சினின் ஓர் ஓரத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, அங்கே கொஞ்சம் கறை படிந்திருக்கிறது, தினமும் சுத்தம் செய்யாததால் வருவது என்று அபிப்பிராயப்பட்டார். ஒன்றும் சரிப்படவில்லை என்றால் விளக்கையே பிடுங்கிவிடலாம், அது ஒரு நிமிட வேலை, வலியே தெரியாது. இப்படி ஓர் ஆலோசகர் பக்கத்தில் நிற்பது விசாரணைக்கு ஒரு கனத்தைக் கொடுத்தது. இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடிக்க முடியாத பழுது என்றால் சாதாரணப் பழுதா?

டாக்டர் போன பிறகு கடைசியாக ஒரு வேலை. வண்டியைத் தடவிக் கொடுப்பது போலப் பின்பக்கம் நடந்து போய், பெட்ரோல் மூடியின் கதவை விரலால் நெம்பி, மூடியைத் தொட்டுப் பார்ப்பார். சாய்ந்தேதான் இருக்கும். நிம்மதியாகச் சாத்திவிட்டு, கைகழுவப் போவார்.

சில விஷயங்கள் அவருக்கு விளங்கவில்லை. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்காக உள்ளே ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பஸ்ஸில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பின்பக்கத் தெரு தெரியவில்லை. அவருடைய நெற்றி தெரிந்தது. முடி இன்னும் உதிர்ந்திருப்பதை அன்றுதான் கவனித்தார், அந்த வருத்தத்தில் மற்றதை மறந்தார். பெட்ரோல் முள் அவர் விட்ட இடத்தைவிடச் சற்று மேலே நின்றது. இதை டாக்டரிடம் கேட்டார்.

"ஓய்வு கொடுத்தா எல்லாம் ஊறும் சார்" என்றார் டாக்டர். "வாயிலயும் அப்படித்தான்."

இதே கதையை ஒரு மனுதாரர் எழுதிக்கொண்டு வந்திருந்தால், முதல் வரியிலேயே ஆனால் போட்டிருப்பார். சொந்த விஷயத்தில் மனுதாரரும் அவரே, அதிகாரியும் அவரே என்பதால் எல்லாம் சுமுகமாக அங்கீகாரம் ஆனது.

மனைவியும் அந்த வாரம் நல்ல மனநிலையில் இருந்தாள். சாயங்காலம் அவர் வந்ததும் காபி கொடுத்தாள். பஸ்ஸில் கூட்டமா என்று விசாரித்தாள். பாவம், உங்களுக்குத்தான் எவ்வளவு அலைச்சல் என்றாள். கன்னத்தில் கொஞ்சம் வெயில் பட்ட நிறம் இருந்தது. வீட்டிலேயே இருப்பவளுக்கு எங்கே வெயில் என்று ஒரு கணம் தோன்றியது. துணி காயப்போடப் போயிருப்பாள். ஏமாற்றுகிறோமே என்று அவர் மனசு லேசாக உறுத்தியது. அந்த உறுத்தலையும் சேர்த்துக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை. விசாரணைக்கு விடுமுறை விட்டார். ஞாயிறு நெருங்கிவிட்டது. கடைசியாக ஒரு தடவை விளக்கை எல்லோர் முன்னாலும் எரியவைத்து, முறைப்படி பயணத்தை ரத்து செய்துவிட வேண்டும் என்று திட்டம். சனிக்கிழமை காலை மனைவியை வாசலுக்குக் கூப்பிட்டார். சாட்சிக்கு எதிர்வீட்டு டாக்டரையும் கூப்பிட்டார். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்தார். சாவியை ஆணியிலிருந்து எடுத்து வந்து தந்தவள் மனைவிதான்.

"நீயே பாத்துக்க" என்று துக்கமாகச் சொல்லிக்கொண்டு, முழங்கால் இடிக்க உள்ளே ஏறிச் சாவியைத் திருகினார்.

முகப்பில் எல்லா விளக்குகளும் ஒரு தடவை எரிந்தன. எஞ்சின் உறுமியது. ஒவ்வொன்றாக அணைந்தன. வாத்தும் அணைந்தது.

அணைத்துவிட்டு மறுபடி திருகினார். மறுபடியும் அணைந்தது. விரலால் கண்ணாடியைத் தட்டினார். வெளியே மூன்று பேர் காத்துக்கொண்டிருப்பது போல இருந்தது: மனைவி, டாக்டர், சகலை.

"என்னங்க, எரியலையே" என்றாள் மனைவி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து.

"நேத்து வரைக்கும்... முந்தாநாள் வரைக்கும் எரிஞ்சுது."

"சரி பண்ணிட்டீங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. டாக்டர் பக்கம் திரும்பி, "தினமும் சாயங்காலம் உயிரக் கொடுத்து வேலை பாத்தார் டாக்டர். நீங்கதான் பாத்தீங்களே" என்றாள்.

டாக்டர் அவருடைய கையைக் குலுக்கினார். தொடர் சிகிச்சையின் பலன் என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மெதுவாகப் பின்பக்கம் போனார். கதவை நெம்பி மூடியைத் தொட்டார். அவர் விட்ட மாதிரியே சாய்ந்து கிடந்தது. மூடியைச் சத்தம் வரும்வரை திருகி, பிறகு சில நாட்கள் ஓட்டினால்தான் விளக்கு அணையும். அச்சில் இருக்கிறது. மூடியோ திருகப்படவில்லை. வண்டியோ வாசலைவிட்டு நகரவில்லை. நகரவில்லையா? முழங்கால், கண்ணாடி, பெட்ரோல் முள், வெயில் பட்ட கன்னம், சமையலறை ஆணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, மேசைக்கு வரும் ஆவணங்கள் மாதிரி வந்து விழுந்தன.

ஓட்டியிருக்கிறாள்.

கேட்டுவிடலாம். என்ன என்று கேட்பது? வண்டியை ஓட்டாமல் இந்த விளக்கு அணையாது என்று சொல்ல வேண்டும். அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்பாள். கையேட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வேறு என்ன இருக்கிறது கையேட்டில் என்பாள். நாற்பது பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தே யார் யாரைப் பார்த்து எழுதினான் என்று சொல்கிறவள். அவர் கதவைச் சாத்தினார். மூடி விஷயமாவது அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும். அது ஒன்றுதான் கையில் மிச்சம். மூடி தளர்ந்தே கிடந்தும் விளக்கு அணைந்ததென்றால், கையேடு தப்பாக இருக்கலாம். காரணங்கள் பல இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். மிதிக்க அவசியமே ஏற்படவில்லை. ஊரைத் தாண்டியதும் கியர் சத்தமில்லாமல் மாறியது. லாரிகளை அவசரமில்லாமல் கடந்தாள். மரங்கள் மறைக்கும் வளைவு ஒன்றில் வேகத்தடை இருந்தது. அவர் ஒவ்வொரு தடவையும் அதில் தலையை இடித்துக்கொள்வது வழக்கம். அவள் வளைவு வரும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டாள்.

"இங்க தடை இருக்கிறது எப்படித் தெரியும்?"

"நீங்க இத்தன வருஷமா தூக்கிப் போட்டீங்களே, இடுப்புக்குத் தெரியாதா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் ஓட்டுகிறாள் என்று தோன்றியது. அந்த நினைப்பை முகத்துக்கு வரவிடவில்லை. அக்கா வீட்டுத் தெரு நெருங்க நெருங்க, செருப்புக் கால் முதலில் வெளியே வரும் காட்சி மறுபடி வந்துவிட்டது. கடைசியில் மானத்தை விட்டார். மானத்தைக் காப்பாற்றத்தான்.

"தெருமுனையில கொஞ்சம் நிறுத்து."

"எதுக்கு?"

"சந்து குறுகல். பாதி தெருவுக்குச் செங்கல் கொட்டி வச்சிருப்பாங்க. புதுசா ஓட்டுறவங்களுக்குக் கஷ்டம்."

"செங்கல்லாம் எடுத்தாச்சு" என்றவள், ஒரு கணம் விட்டு, "எடுத்திருப்பாங்க" என்றாள்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, தன் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மனுதாரர்களைப் போல, அவளைப் பார்த்தார். "அந்த ஒரு தெரு மட்டும். அவர் வாசல்ல நிப்பார்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டாள். வருந்துகிறேன் என்று சொல்லவில்லை. 'ஆனால்' என்றும் சொல்லவில்லை. இத்தனை நல்லவளையா ஏமாற்றினோம்?

இருக்கையைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் நெற்றியை விரட்டித் தெருவை வரவழைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். தெருவில் ஒரு செங்கல் இல்லை. சகலை வீட்டு கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. சகலையின் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, சரியாக இன்னொரு கார் நிற்க இடம் விட்டிருந்தது. சகலை நடுவில் நின்று, வரட்டும் வரட்டும், இன்னும் வா, என்று பழக்கப்பட்ட கையசைப்பில் காரை உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுகிற முகம் தெரிந்ததும் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன சகலை, இன்னிக்கு நீங்களா? டிரைவருக்கு லீவா?"

படியில் அக்கா நின்று, ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வெடுக்கக் கூடாதா, தினமும் இவ்வளவு தூரம் வந்து போகிறாயே என்று தங்கையைச் செல்லமாகக் கடிந்துகொண்டிருந்தாள்.

அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சகலை ஓட்டுநர் ஜன்னலுக்கு வரவில்லை. நேரே காரின் பின்பக்கம் போனார். கதவை நெம்பும் சத்தம் கேட்டது. பிறகு, நிதானமாக, டக், டக், டக்.

"இப்ப சரியா மூடியாச்சு, இறங்குங்க சகலை" என்றது பின்னாலிருந்து குரல்.

இறங்கினார். செருப்புக் கால்தான் முதலில் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து இறங்கினாலும் அப்படித்தான் போலிருக்கிறது. மனைவி பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டபடி, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"சாயங்காலம் வந்து அந்த மூடிய ஆசையா தொட்டுப் பாப்பீங்களே, ஏமாந்து போயிடக் கூடாதேன்னு தினமும் நான்தான் திரும்பத் தளர்த்தி வச்சேன்."